கொடுக்கிற கையும் வரிக் கணக்கும்

(2025 ஆகஸ்ட் விடுமுறையில் நம் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில், இங்கிலாந்தில் சிறுவர் நல வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருத்தியை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள், கட்டணம் இல்லை. செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு வேறு. வெளிநாடுகளில் இருக்கும் நாங்கள் பாடசாலைக்குக் கொடுக்கும் பணத்துக்கு அந்தந்த நாட்டு அரசுகள் தரும் வரிச் சலுகையைப் பற்றிப் பேசச் சொன்னார். கேட்டவுடன் கொட்டாவி வரும் தலைப்புத்தான். அதனால் ஒரு கணக்கோடு தொடங்குகிறேன்.

இங்கிலாந்தில் வருமான வரி கட்டும் ஒரு பழைய மாணவி 100 பவுண் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் வங்கி மூலம் நேரே இங்குள்ள கணக்குக்கு அனுப்பினால் நமக்கு வருவது 100 பவுண், அதிலும் வங்கிக் கட்டணம் போக மிச்சம். அதே பணத்தை அங்கே அங்கீகாரம் பெற்ற ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்து, 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்திட்டால், அந்த அறக்கட்டளை பிரித்தானிய வரித் திணைக்களத்திடமிருந்து மேலும் 25 பவுணைக் கேட்டு வாங்கலாம். கொடுத்தவருக்கு இதனால் ஒரு பென்ஸ்கூட மேலதிகச் செலவில்லை. ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபா என்று கொண்டால் அந்த 25 பவுண் 10,000 ரூபா. கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆக, ஒரு கையெழுத்து இல்லாததால் நாம் விட்டுவிடுகிற தொகை, மழையிலும் அட்டைக்கடியிலும் ஏழு நாளுக்கு மேல் கூடை சுமந்து சம்பாதிக்கிற தொகை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு இந்தத் தலைப்பில் கொட்டாவி வருவதில்லை.

அந்த 25 பவுண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. என் கையில் 100 பவுண் வந்து சேர நான் 125 பவுண் உழைத்திருக்க வேண்டும். அதில் 20 சதவீதம், அதாவது 25 பவுண், வரியாகப் போய்விட்டது. தருமத்துக்குக் கொடுத்த பணத்துக்கு வரி வேண்டாம் என்று சொல்லி அரசு அதைத் திருப்பித் தருகிறது. ஆனால் திருப்பித் தருவது என் கையில் அல்ல, அறக்கட்டளையின் கையில். 1990இல் இந்த முறை தொடங்கியபோது ஒரே தடவையில் குறைந்தது 600 பவுண் கொடுப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். இன்று ஐந்து பவுண் கொடுக்கும் தாதித் தங்கைக்கும் இது பொருந்தும். 40 சதவீத வரி கட்டுபவர்கள் தங்கள் வருடாந்த வரிக் கணக்கில் எழுதி இன்னொரு 25 பவுணைத் தாங்களே திரும்பப் பெறலாம். இங்கிலாந்தில் இருக்கும் வைத்தியர்கள் பலர் இந்த வகுப்பில் வருகிறோம். திரும்பி வரும் அந்தப் பணம் யாருடையது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் எண்ணம் முகத்தில் தெரியும்.

"அரசாங்கப் பணம்தானே, சும்மா வருகிறது" என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லெஸ்டரில் பஸ் ஓட்டுபவரும், என் வோர்டில் இரவு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாதியும் கட்டுகிற வரியிலிருந்துதான் அந்த நாட்டின் வைத்தியசாலையும் பாடசாலையும் நடக்கின்றன. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பங்கை அட்டன் பக்கத்துப் பிள்ளைக்குத் திருப்பிவிடுகிறோம் என்றால் கையெழுத்து உண்மையாக இருக்க வேண்டும். அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய வரி, அறக்கட்டளைகள் உங்கள் பெயரில் மீளப்பெறும் தொகைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மிச்சத்தை உங்களிடமே கேட்பார்கள்.

பிரித்தானியாவில் ஆண்டுக்கு 12,570 பவுண் வரை உள்ள வருமானத்துக்குப் பொதுவாக வரியில்லை. வேலைக்குப் போகாமல் பிள்ளை வளர்க்கும் தங்கைமார், படிக்க வந்திருக்கும் மாணவிகள், அரச ஓய்வூதியம் மட்டும் பெறும் அக்காமார் ஆகியோர் இந்தப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. அவர்களுடைய பத்துப் பவுண் பத்துப் பவுணாகவே வரட்டும், அதற்கும் அதே மரியாதை. வீட்டில் வரி கட்டுபவர் கணவர்தான் என்றால் அவருடைய பணம், அவருடைய கணக்கு, அவருடைய கையெழுத்து. பழைய மாணவிகளை மணந்த பாவத்துக்கு அவர்களும் கொஞ்சம் புண்ணியம் தேடிக்கொள்ளட்டும்.

நம் வழக்கம் ஒன்று இங்கே உதைக்கும். ஒரு அக்கா பத்துப் பேரிடம் இருபது இருபது பவுணாகச் சேர்த்து, தன் கணக்கிலிருந்து 200 பவுணாக அனுப்புவார். நல்ல மனதோடு செய்வது. ஆனால் வரித் திணைக்களத்தின் கண்ணில் அந்த 200 அவருடைய நன்கொடை ஆகாது. பத்துப் பேரும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். அதே போல இராப்போசன டிக்கெட், ரஃபிள் டிக்கெட் விற்ற பணத்துக்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது, ஏனென்றால் கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றைப் பெறுகிறார். பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டில் இருந்த வைத்தியர்கள் பலர் தங்கள் கைக்காசில் மருந்து வாங்கிப் பெட்டி கட்டினார்கள். அதே காசை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்து அது மருந்தை வாங்கியிருந்தால் ஒவ்வொரு நான்கு பெட்டிக்கும் ஐந்தாவது பெட்டி கிடைத்திருக்கும். அவசரத்தில் யாரும் படிவம் தேடுவதில்லை. அதனால்தான் அவசரம் இல்லாத ஒரு நாளில் இதைப் பேசுகிறோம்.

இனி மற்ற நாட்டு அக்காமாருக்கு. முறை வேறு, அடிப்படை ஒன்றுதான். எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்களோ அந்த நாட்டில் பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் சலுகை. நம் பாடசாலையின் பெயருக்கு நேரே அனுப்பும் பணத்துக்கு லண்டனிலும் இல்லை, டொரொண்டோவிலும் இல்லை, மெல்பர்னிலும் இல்லை.

கனடாவில் பதிவு பெற்ற அறக்கட்டளை உங்களுக்குப் பற்றுச்சீட்டுத் தரும். ஆண்டில் 200 டாலருக்கு மேற்பட்ட நன்கொடைக்கு மத்திய அரசின் வரவு 29 சதவீதம், மிக உயர்ந்த வருமானக்காரருக்கு அதிலும் கூட. மாகாண வரவு அதற்கு மேல். ஒண்டாரியோவில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 40 சதவீதம் வரும். கணவன் மனைவி இருவரின் பற்றுச்சீட்டுகளையும் ஒருவரே காட்டலாம். இந்த ஆண்டு பயன்படுத்தாததை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்தலாம். சிறு தொகையாகக் கொடுப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுப் பற்றுச்சீட்டைச் சேர்த்து வைத்து ஒன்றாகக் காட்டினால் அந்த 200 டாலர்ப் படியை ஒரே தடவையில் தாண்டிவிடலாம்.

அவுஸ்திரேலியாவில் நன்கொடை உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. இரண்டு டாலரிலிருந்தே கழிக்கலாம். ஆனால் பெறும் நிறுவனம் அந்தச் சலுகைக்கென்று அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் நிறுவனமென்றால் வெளிநாட்டு உதவிக்கான தனி அங்கீகாரமும் வேண்டும். இது எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் பிள்ளைகள் படிக்கும் மெல்பர்ன் பாடசாலையின் கட்டட நிதிக்குச் சலுகை உண்டே, நம் பாடசாலைக்கு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அந்தச் சலுகை அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு மட்டுமே. ஆகவே ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்வதே உங்களுக்கு வழி. 30 சதவீத வரிப் படியில் இருப்பவர் ஒருவர், என் கையிலிருந்து 100 டாலர் போகலாம் என்று நினைத்தால், உண்மையில் 143 டாலர் வரை கொடுக்கலாம். 43 டாலர் வரிக் கணக்கில் திரும்பிவிடும்.

எனக்கு மூன்று முறைகளில் பிரித்தானிய முறைதான் பிடிக்கும். அங்கே வாழ்வதால் சொல்லவில்லை. அவுஸ்திரேலிய முறையில் கூடச் சம்பாதிப்பவருக்குக் கூடத் திரும்பி வருகிறது. கனடாவில் அந்த வேறுபாடு குறைவு, ஆனால் அங்கும் பணம் கொடுத்தவர் கைக்கே திரும்புகிறது. அது அடுத்த மாதக் கடன் தவணையில் கரைந்துவிடும், மனித இயல்பு. கிஃப்ட் எய்டில் அடிப்படைத் தொகை நம் கையைத் தொடாமலே பிள்ளைக்குப் போகிறது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் தங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பலர் பொதுவான கழிவையே எடுப்பதால் நன்கொடைப் பற்றுச்சீட்டால் பெரிய பயன் இருப்பதில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன குடும்பங்களின் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவின் 80ஜி சலுகை இந்திய நிறுவனங்களுக்கானது. அந்த நிறுவனங்கள் வெளிநாட்டில் செலவு செய்ய விசேட அனுமதி வேண்டும். நமக்கு அது பயன்படாது. நீங்கள் அங்கிருந்து நூறு ரூபா அனுப்புவதே எங்களுக்குப் போதும். சிலர் அதையும் அனுப்பாமல் மலருக்கு ஒரு பழைய புகைப்படம் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்து இரண்டு ஆசிரியைகள் அழுதார்கள்.

உள்ளூர்ச் சகோதரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குத் தனியாள் கொடுக்கும் பணத்தில் வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அதுவரைதான் கழிக்கலாம். அதுவும் நோயாளரையும் வறியோரையும் பராமரிக்கும் நிறுவனங்களுக்கென்றே வந்த ஏற்பாடு. அரசாங்கத்துக்கு நேரே கொடுப்பதற்கு அந்த எல்லை இல்லை. ஆனால் நடைமுறையில் இந்தப் பேச்சே நம்மில் பலருக்குப் பொருந்தாது. இந்த ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமானத்துக்கு வரி இல்லை, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம். நம் ஆசிரியைத் தங்கைமாரில் எத்தனை பேர் அதைத் தாண்டுகிறார்கள்? அவர்கள் கொடுக்கும் ஆயிரம் ரூபாவுக்கு எந்த நாட்டுத் திறைசேரியும் ஒரு சதம் சேர்ப்பதில்லை. அந்த ஆயிரம் முழுக்க அவர்களுடையது. சங்கத்தின் கூட்டங்களில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு முன்வரிசை போடுகிற வழக்கத்தை நினைக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சட்டம் எதை ஏற்காது என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனத்தாங்கல் வருவது அங்கேதான்.

முதலாவது, சொந்தக்காரப் பிள்ளை. "என் சித்தி மகளின் படிப்புக்கு என்று குறித்து அனுப்புகிறேன், பற்றுச்சீட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் எந்த அறக்கட்டளையும் தர முடியாது. யாருக்கு உதவுவது என்பதை அறக்கட்டளைதான் தேவையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சித்தி மகளுக்குத் தாராளமாக உதவுங்கள். இந்த மலைகளில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் படித்து மேலே வந்தார்கள். அது குடும்பக் கடமை, வரிக் கணக்குக்கு வெளியே நிற்பது, அவ்வளவுதான்.

இரண்டாவது, உண்டியல். கூலி குறைவு, வீட்டு வாசலிலேயே காசு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்டியலில் வந்த பணத்துக்கு வங்கித் தடம் இல்லை, தடம் இல்லையென்றால் அறக்கட்டளையின் கணக்காய்வில் அது செலவாக நிற்காது. பிரித்தானியச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் தருமக் காரியத்துக்கே போனது என்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுத்ததை அறக்கட்டளை காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வரிச் சலுகை பறிபோகும். போர்க் காலத்தில் தமிழர் சேர்க்கும் பணம் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். அந்தக் கண் இன்னும் முழுதாக மூடவில்லை. நமக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, ஆகவே வங்கி வழியே வரட்டும்.

மூன்றாவது, நூற்றாண்டு வளைவு. வாசலில் கல்வளைவு கட்டிப் பெயர்கள் பொறிக்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. எனக்கும் அழகான வளைவு பிடிக்கும். ஆனால் வெளிநாட்டு உதவி என்ற பெயரில் சலுகை பெறும் பணத்தை வளைவுக்குச் செலவிட முடியாது, அது வறுமை நீக்கத்துக்கும் மக்களின் முன்னேற்றத்துக்கும் உரியது. இங்கே வரிச் சட்டம் நம்மைவிட நிதானமாக யோசிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வைத்தியராக ஒன்று சொல்கிறேன். தண்ணீர் இல்லாத மலசலகூடத்துக்குப் போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து இரண்டு மணிவரை ஒரு மிடறு நீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைவலி, எல்லாம் அதன் பின்னால் வரும். மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். மாதத்தில் மூன்று நாள் என்றால் ஒரு தவணையில் கிட்டத்தட்ட இரண்டு வாரப் பாடம் போகிறது. தண்ணீர்த் தாங்கிக்கும் குழாய்க்கும் யாரும் பெயர் பொறிப்பதில்லை. வளைவை வேண்டுமானால் வரிச் சலுகை எடுக்காத பணத்தில் கட்டுவோம், தாங்கிக்குப் பிறகு.

நான்காவதுதான் கடினம். சலுகை பெறும் அறக்கட்டளை வெறும் குழாயாக இருக்கக் கூடாது என்பது எல்லா நாட்டுச் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் போய்விடுகிறது என்ற நிலை கூடாது. பணத்தின் மீது அவர்களுக்கு இறுதிப் பொறுப்பு இருக்க வேண்டும். கனடாவில் 2022 ஜூன் வரை இது இன்னும் இறுக்கமாக இருந்தது. வெளிநாட்டில் நடக்கும் வேலை அந்த அறக்கட்டளையின் சொந்த வேலையாக, அதன் வழிநடத்தலிலும் கட்டுப்பாட்டிலும் நடக்க வேண்டும் என்றார்கள். இப்போது, பொறுப்புக்கூறல் நிபந்தனைகளோடு, உள்ளூர் அமைப்புக்கு மானியமாகவே கொடுக்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். தளர்த்தினாலும், அதிபருக்கு வரும் கடிதத்தில் "எப்படிச் செலவழித்தீர்கள், படம் அனுப்புங்கள், ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்புங்கள்" என்று இருக்கும்.

இங்கே இருப்பவர்களுக்கு இது எப்படிப்படும் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் உட்கார்ந்து துரை கணக்குக் கேட்பது போலப்படும். நம் மக்களுக்கு அந்த நினைவு இலகுவில் போகாது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் பலன் தோட்டப் பாடசாலைகளின் படி ஏறவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பின்னும் கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் நாம் யாரையாவது எதிர்பார்த்து நின்றோம். பிறகு சுவீடனின் சீடா உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. ஜெர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்றவர்கள் இன்று இந்த மலைகளில் எத்தனையோ வகுப்பறைகளில் நிற்கிறார்கள். அந்தப் பணமும் யாரோ கட்டிய வரிதான். அதை எங்கே செலவிடுவது என்பதை இரண்டு அரசுகள் பேசித் தீர்மானித்தன.

அப்படிப்பட்ட உதவி இப்போது சுருங்குகிறது. பிரித்தானியா தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027இல் அது 0.3 ஆகும் என்று இந்த பெப்ரவரியில் அறிவித்துவிட்டது. அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் இந்த ஜூலை 1ஆம் திகதியோடு தன் உதவித் திட்டங்களை நிறுத்திக்கொண்டது. அரசு நேரே கொடுக்கும் கை இப்படி மடங்கும்போது, தனியார் கொடுப்பதற்கு அரசு வரியில் விட்டுக்கொடுக்கும் இந்த வழி மட்டும் பெரும்பாலும் அப்படியே திறந்திருக்கிறது. ஆனால் இந்த வழியில் எந்த ஊருக்கு, எதற்கு என்று தீர்மானிப்பது பாராளுமன்றம் அல்ல, கொடுப்பவரின் மனம். கொடுப்பவரின் மனம் தொலைக்காட்சியைப் பார்க்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரியில் கொடுத்த நிவாரணப் பணத்தையும் முந்திய ஆண்டுக் கணக்கில் கழிக்கலாம் என்று அமெரிக்கா அவசரமாக ஒரு சட்டமே இயற்றியது. கனடாவும் ஜனவரியில் சில நாட்களுக்கு அப்படியே நீடித்துக் கொடுத்தது. நல்ல காரியம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது உலகத்தின் கண் அவ்வளவு நேரம் இங்கே நிற்கவில்லை. தண்ணீர் இல்லாத மலசலகூடத்துக்கும், பஸ் காசில்லாமல் உயர்தர வகுப்பை விடும் பிள்ளைக்கும் கமெராவே வராது. அதை அறிந்தவர்கள் நாம் மட்டும்தான். அதனால்தான் இந்த வழியில் நம் கையெழுத்துக்குப் பெறுமதி இருக்கிறது.

ஆகவே அதிகாரப் பிரச்சினையை மூடி மறைக்காமல் இப்படித் தீர்க்கலாம் என்று மூன்று நாட்டுக் கிளைகளும் இங்குள்ள நிர்வாகக் குழுவும் பேசியிருக்கிறோம். தேவைப் பட்டியல் இங்கிருந்துதான் வரும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஆசிரியைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை எழுதுவார்கள். வெளிநாட்டுக் கிளைகள் அந்தப் பட்டியலுக்கு உள்ளிருந்து மட்டுமே தெரிவு செய்யும், சட்டம் கேட்கும் இறுதிப் பொறுப்பும் அப்போது அவர்களிடமே இருக்கும். ஒன்றை மறுத்தால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று நாட்டுக்கு மூன்று அறிக்கை கேட்டு அதிபரை வதைக்கக் கூடாது. ஒரே அறிக்கை, தமிழில், பற்றுச்சீட்டுகளின் பிரதியோடு. ஆங்கிலத்தில் பெயர்ப்பது அங்கே இருப்பவர்களின் வேலை, ஆங்கிலம் படித்துத்தானே போனோம். பட்டியல் எழுதும் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். வேலை நாளில் வைத்தால் ஒரு தாய் ஒரு நாள் பேர் இழந்துதான் வர வேண்டும்.

ஒரு வருடத்தோடு முடியும் வேலைகளுக்கே அறக்கட்டளைகள் மனம் வைக்கும் என்ற குறையும் இருக்கிறது. தாங்கி கட்டினால் படம் எடுக்கலாம், உயர்தரப் பிள்ளையின் இரண்டு வருடப் பஸ் கட்டணத்தை எப்படிப் படம் எடுப்பது? பஸ் கட்டணமும் சட்டப்படி தாராளமாகச் செல்லும். தடுப்பது வரித் திணைக்களம் அல்ல, நம் ஆசை. மாதாமாதம் சிறு தொகை வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்பவர்கள் பத்துப் பேர் கிடைத்தால், ஒரு தடவை பெரிய காசோலை தருபவரைவிட அந்தப் பிள்ளைக்கு உதவி. கிஃப்ட் எய்ட் படிவத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால் அதே அறக்கட்டளைக்குப் பின்னால் கொடுக்கும் தொகைகளுக்கும், கடந்த நான்கு ஆண்டுகளில் கொடுத்தவற்றுக்கும் அது செல்லும்.

இங்கிலாந்துக் கிளை வரித் திணைக்களத்தின் அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது. அறக்கட்டளையின் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் அறக்கட்டளைகள் ஆணைக்குழுவிலும் பதிய வேண்டும், தாண்டும் என்று நம்புகிறோம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஏற்கெனவே பதிவுள்ள நிறுவனங்களோடு பேச்சு நடக்கிறது. அது முடியும் வரை அங்குள்ளவர்கள் யாரும் பற்றுச்சீட்டு விற்பவர்களிடம் போக வேண்டாம். கொடுத்ததைவிடப் பெரிய தொகைக்குச் சீட்டு எழுதித் தருகிறோம் என்று வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆண்டு முடிவுத் திகதிகளையும் மறக்க வேண்டாம். பிரித்தானியாவில் ஏப்ரல் 5, அவுஸ்திரேலியாவில் ஜூன் 30, கனடாவிலும் அமெரிக்காவிலும் டிசம்பர் 31.

படிவங்கள் நூலகத்துக்கு வெளியே உள்ள மேசையில் இருக்கின்றன. அங்கே நிற்கும் தங்கை, நீங்கள் வரி கட்டுபவரா என்று கேட்பாள், கோபிக்க வேண்டாம். இந்த மண்டபத்தில் நம் எல்லோரையும் அப்பா பெயரோடுதான் தெரியும், பலரை வகுப்புப் பட்டப்பெயரோடு. படிவத்தில் வரித் திணைக்களத்துக்குத் தெரிந்த பெயரையும், இங்கிலாந்தில் இருக்கும் வீட்டு முகவரியையும், அஞ்சல் குறியீட்டோடு எழுதுங்கள்.